அமெரிக்கக் கால்பந்தில் ஏற்பாளர்: ரேமண்ட் பெர்ரியின் ஆட்ட வாழ்வு

கால்பந்து என்றவுடன் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டமே நம் கண்முன் வந்து நிற்கும். கல்கத்தா மைதானத்திலே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதை நேரில் கண்டவர்களும், வானொலியில் கேட்டு மகிழ்ந்தவர்களும் நம்மிடையே பலர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இதே பெயரால் வழங்கும் ஆட்டமோ முற்றிலும் வேறானது. அங்கே பந்தைக் காலால் தொடுவது அருமை. கையால் எறிவதும், கையில் ஏந்தி ஓடுவதும், ஏந்தி ஓடுபவனைக் கட்டிப் பிடித்து மண்ணிலே சாய்ப்பதுமே அந்த ஆட்டம். அதனைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரைப் பற்றியே இங்குக் கூறப் புகுந்தோம். அவர் விரைந்து ஓட வல்லவரல்லர். கண் பார்வை குன்றியவர். முதுகிலே கோளாறு உடையவர். எனினும் தமக்குரிய ஆட்டப் பணியை அவரைப்போல் நுணுகிக் கற்றவர் அவர் காலத்தில் ஒருவரும் இலர் எனலாம். அவர் பெயர் ரேமண்ட் பெர்ரி.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம். களத்தின் நீளம் 100 கெஜம். அகலம் 53 கெஜத்துக்குச் சற்று மேல். இரு கோடியிலும் 10 கெஜம் ஆழமுள்ள இறுதிக்களம் உண்டு. ஒரு குழுவுக்கு 11 பேர். பந்து உருண்டையன்று, இரு முனையும் கூம்பி, ஏறத்தாழ 11 அங்குல நீளம் கொண்டது. பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிட்டும். இல்லையேல் பந்து மாற்றாரைச் சேரும். இறுதிக்களத்துள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அது கைகூடாதபோது, நட்ட கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள். ஆட்ட நேரம் 60 நிமிடம். விதிகள் இன்னும் எத்தனையோ உள. நம் பொருளுக்கு இவையே போதும்.

முன்னேறுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, பந்தைச் சுமந்து ஓடுதல். மற்றொன்று, குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரர் பின்னே நின்று பந்தை எறிய, முன்னே ஓடிய தோழர் அதனைப் பற்றுதல். அவ்வாறு பற்றும் பணிக்கென்றே கூட்டத்தை விட்டு விலகி, எல்லைக்கோட்டின் பக்கமாக நிற்பவரை ஆங்கிலத்தில் 'வைட் ரிசீவர்' என்கின்றனர். அகராதியை மட்டும் நம்பினால் இதனை 'அகன்ற பெறுநர்' என்று எழுதி நகைப்புக்கு இடமாவோம். அகன்றிருப்பது ஆளன்று, அவர் நிற்கும் இடம். பெர்ரி ஆடிய நாளில் இந்தப் பெயரும் பரவலாக வழங்கவில்லை. 'முனையாள்' என்ற பொருளிலேயே அவரைச் சுட்டினர். நாம் அவரை ஏற்பாளர் என்றே அழைப்போம்.

ஏற்பாளரின் பணி பார்வைக்கு எளியதாகத் தோன்றும். ஓட வேண்டும், பந்து வந்தால் பிடிக்க வேண்டும், அவ்வளவே அன்றோ? அப்படியன்று. அவரை நிழல்போல் தொடர மாற்றுக் குழுவிலே ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்து விலகி நிற்கும் வாய்ப்பு ஒரு நொடியோ அதனினும் குறைவோதான் கிட்டும். ஏற்பாளர் விலகிவிட்டார் என்று கண்ட பின் குவார்ட்டர்பேக் பந்தை எறிவாராயின், பந்து போய்ச் சேர்வதற்குள் அந்த விலகல் மறைந்துவிடும். ஆகவே ஏற்பாளர் திரும்புவதற்கு முன்னரே பந்து புறப்பட்டாக வேண்டும். எறியும் பொழுதில் ஏற்பாளர் அந்த இடத்தில் இரார். பல வேளைகளில் பந்தின் பக்கம் அவர் முகமே திரும்பியிராது. வெற்றிடத்தை நோக்கி ஒருவர் எறிகிறார். அந்த வெற்றிடத்துக்கு மற்றொருவர் வந்து சேர்கிறார். வரவில்லையெனில் பந்து மாற்றார் கைக்குப் போகும். ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்திருந்தாலன்றி இது நடவாது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. தொழில்முறை ஆட்டத்திலே பந்தைப் பிடிக்கும் ஏற்பாளர் தம் இரு காலும் எல்லைக்குள் படும்படி பிடித்தாக வேண்டும். கோட்டுக்கு வெளியே உடல் சாய்ந்து விழுந்துகொண்டிருக்கும். கால் விரல்கள் மட்டும் உள்ளே புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெர்ரி இதிலே பேர்பெற்றவர்.

அவர் 1933-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் பிறந்தார். பாரிஸ் என்னும் சிற்றூரிலே வளர்ந்தார். பிரெஞ்சு நாட்டுத் தலைநகரின் பெயரைச் சூட்டிக்கொண்ட டெக்சாஸ் ஊர் அது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியிலே தந்தையாரே கால்பந்துப் பயிற்சியாளர். தந்தை பயிற்சியாளராக இருந்தும், மகனுக்குப் பள்ளியின் இறுதி ஆண்டிலேதான் முதல் வரிசையில் இடம் கிட்டியது. அந்தத் தந்தையின் நடுநிலைமையைப் பாராட்டுவதா, மகனுக்காக இரங்குவதா என்று நமக்குத் தெரியவில்லை. பின்னர் டல்லஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மூன்று பருவங்களில் 33 பந்துகளையே பற்றினார். 1954-இல் தொழில்முறைக் குழுக்கள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தபோது, பால்ட்டிமோர் கோல்ட்ஸ் குழுவினர் 20-ஆம் சுற்றிலே அவர் பெயரைச் சொன்னார்கள். கல்லூரிப் படிப்பு முடிந்து 1955-இல் அவர் குழுவிலே சேர்ந்தார். முதற்பருவத்தில் பற்றிய பந்துகள் 13. இறுதிக்களத்துள் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு தமக்கு இடம் இருக்குமோ இராதோ என்று அஞ்சும் நிலை.

அடுத்த ஆண்டு ஜானி யுனைட்டஸ் வந்தார். பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் குழு 1955-இல் யுனைட்டஸைத் தேர்ந்து, பருவம் தொடங்குமுன்னரே வேண்டாவென்று அனுப்பிவிட்டது. அவர் கட்டட வேலை செய்துகொண்டு, சில டாலர் கூலிக்கு உள்ளூர்க் குழு ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார். 1956-இல் பால்ட்டிமோர் அவரை அழைத்துக்கொண்டது. முதல்நிலைக் குவார்ட்டர்பேக் காயமுற்றதால் களமிறங்கிய யுனைட்டஸ் எறிந்த முதற்பந்தே மாற்றார் கையில் சிக்கி, மாற்றாருக்கே புள்ளியாயிற்று. இப்படி ஒருவரும் விரும்பாத இருவர் ஒரு குழுவிலே வந்து சேர்ந்தனர்.

பயிற்சி முடிந்து ஏனையோர் குளிக்கச் சென்ற பின்னரும் இவ்விருவர் மட்டும் களத்தில் நிற்பர். ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் ஓடுவார் பெர்ரி. மீண்டும் மீண்டும் எறிவார் யுனைட்டஸ். வேண்டுமென்றே பிழைபட எறியச் சொல்வாராம் பெர்ரி. தலைக்கு மேல், காலடியில், முதுகுப் பக்கம் என்று ஆட்டத்தில் வரக்கூடிய கோணல் எறிதல்கள் அனைத்தையும் அங்கேயே பழகிவிடுவது அவர் நோக்கம். தம்மைத் தொடர்பவரை ஏமாற்றி விலகுவதற்கு 88 வகை அசைவுகள் உண்டென்று அவர் கணக்கிட்டு வைத்திருந்ததாகக் கூறுவர். திரைப்படக் கருவியை வீட்டிலே வைத்துக்கொண்டு, வரும் வாரம் எதிர்ப்படப் போகும் தடுப்பாளரின் பழைய ஆட்டங்களை ஓட்டிப் பார்ப்பார். அவர் எந்தக் காலை முதலில் பின்வைக்கிறார், எந்தப் பக்கம் திரும்பத் தடுமாறுகிறார் என்பன குறிப்பேட்டில் ஏறும். விரல்களின் வலிமைக்காக ரப்பர் போன்ற பிசைபொருள் ஒன்றைப் பகலெல்லாம் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருப்பார்.

அவர் செய்த சில காரியங்கள் தோழர்களுக்கே வேடிக்கையாகப் பட்டன. ஆட்டக் காற்சட்டை தம் உடலுக்குப் பொருந்தியிருக்க வேண்டுமென்று அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று தாமே துவைத்து வருவார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆட்டரங்கில் பிற்பகல் வெயில் கண்ணிலே அறையும் என்று அதற்கெனத் தனிக் கண்ணாடிகளைச் சோதித்துப் பார்த்தார். பார்வைக் குறைக்காகக் கண்ணுள் அணியும் வில்லைகளும், முதுகுக்காகக் கச்சும் எப்பொழுதும் உண்டு. ஆட்டத்துக்கு முன் களத்தின் மீது தனியே நடந்து, எவ்விடம் வழுக்கும், எவ்விடம் இறுகியிருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்வார். மணமான பிறகு, ஓய்வு மாதங்களில் எறிவதற்கு ஆளில்லாமையால், தம் மனைவியாருக்கே பந்தெறியக் கற்பித்தார். அந்த அம்மையாரின் பொறுமையைப் பற்றி வரலாறு போதிய அளவு எழுதவில்லை என்பது நம் கருத்து.

இத்தனையும் எதற்காக என்பதற்கு விடை 1958-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கிடைத்தது. அன்று நியூயார்க் நகரத்து யாங்கி ஸ்டேடியத்தில், பால்ட்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் தேசியக் கால்பந்து லீகின் வாகைப் பட்டத்துக்காக மோதின. வந்து கூடியவர் 64,000-க்கு மேல். ஜயன்ட்ஸ் குழுவின் தடுப்பாட்டத்தை வகுத்தவர் டாம் லாண்ட்ரி என்னும் துணைப் பயிற்சியாளர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதற்பாதியில் பெர்ரி 15 கெஜ எறிதல் ஒன்றைப் பற்றி இறுதிக்களத்துள் சேர்த்தார். பால்ட்டிமோர் 14-3 என்று முன்னே நின்றது. பிற்பாதியிலே காற்று மாறிற்று. ஜயன்ட்ஸ் இருமுறை இறுதிக்களம் புகுந்து 17-14 என்று முந்திக்கொண்டது. ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடமே இருந்தபோது பந்து பால்ட்டிமோர் கைக்கு வந்தது. வந்த இடமோ தம் கோடியிலிருந்து 14-ஆம் கெஜம். எதிர்க்கோடிக்கு 86 கெஜம் செல்ல வேண்டும். இரண்டு முயற்சிகள் வீணாயின. மூன்றாம் முயற்சியில் லென்னி மூர் 11 கெஜத்துக்குப் பந்தைப் பற்றிக் குழுவை உயிர்ப்பித்தார். மூர் கறுப்பினத்தவர், பெர்ரியைவிடப் பன்மடங்கு விரைவானவர். அவர் ஆடிப் புகழ் சேர்த்த பால்ட்டிமோர் நகரிலேயே அவரைப் போன்றோர்க்குக் கதவு திறவாத உணவகங்களும் விடுதிகளும் அக்காலத்தில் இருந்தன.

அடுத்த முயற்சியிலே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பெர்ரி 10 கெஜம் நேரே ஓடி உட்புறம் திரும்புவதென்று திட்டம். ஆனால் ஹார்லண்ட் ஸ்வேர் என்னும் ஜயன்ட்ஸ் வீரர், வழக்கமாகத் தாம் நிற்கும் நடுவிடத்தை விட்டு வெளியே வந்து, பெர்ரியின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டார். ஓடத் தொடங்குமுன்னரே இடித்து நிறுத்திவிடுவது அவர் எண்ணம். அந்நாளைய விதி அதற்கு இடமளித்தது. திட்டம் உடைந்துவிட்டது. மாற்றிச் சொல்ல நேரமில்லை. கடிகாரம் ஓடுகிறது. யுனைட்டஸ் பெர்ரியைப் பார்த்தார். பெர்ரி யுனைட்டஸைப் பார்த்தார்.

இவ்வாறு ஒருவர் வெளியே வந்து வழிமறித்தால் என்ன செய்வது என்று அவ்விருவரும் முன்னொரு காலத்தில் பேசி வைத்திருந்தனர். அதுவரை அந்த ஏற்பாட்டுக்கு வேலை வந்ததில்லை. இருவருக்கும் அது நினைவிருந்தது; இருவரும் தம்முள் மற்றவருக்கும் நினைவிருக்கும் என்று நம்பினர். பெர்ரி வெளிப்புறம் செல்வதுபோல் ஓர் அசைவு காட்டி, ஸ்வேரை ஏமாற்றிச் சாய்வாக உள்ளே பாய்ந்தார். ஸ்வேர் விட்டுவந்த வெற்றிடத்துக்கே பந்து வந்தது. 25 கெஜம் முன்னேற்றம். அடுத்த எறிதலும் பெர்ரிக்கே: 15 கெஜம். அதற்கடுத்ததும் பெர்ரிக்கே: 22 கெஜம். மூன்று பிடிகளில் 62 கெஜம் கடந்து, பந்து எதிர்க்கோடிக்கு 13 கெஜத்தில் நின்றது. அங்கிருந்து ஸ்டீவ் மைரா உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றபொழுது ஆட்டம் முடிய 7 நொடிகள் இருந்தன. 17-17.

லீகின் வாகைப் போட்டி ஒன்று சமநிலையில் முடிந்து மிகுநேரம் ஆடப்பட்டது அதுவே முதல் தடவை. முதலில் புள்ளி எடுப்பவர் வென்றவர் என்பது விதி. மிகுநேரத்திலும் நெருக்கடியான கட்டம் வந்தது. ஒரே முயற்சியில் ஏறத்தாழ 15 கெஜம் வேண்டியிருந்தபோது, பெர்ரி 21 கெஜத்துக்குப் பந்தைப் பற்றினார். பின்னர் மேலும் ஒரு 12 கெஜம். இறுதியிலே ஆலன் அமீச்சி ஒரு கெஜம் முட்டிப் புகுந்து 23-17 என்று ஆட்டத்தை முடித்தார். அன்று பெர்ரி பற்றியவை 12 பந்துகள், 178 கெஜம்.

வானொலியின் பக்கம் நின்று பேசும் நாம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஆட்டத்தை நாடு முழுவதும் பல கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். அமெரிக்க மக்களிடையே இந்த ஆட்டம் பெருவழக்காகப் பரவியது அன்று தொடங்கியதே என்பர். ஆனால் அக்கால ஏற்பாட்டின்படி, ஆட்டம் நடக்கும் நகரைச் சுற்றி 75 மைல் வட்டத்துள் ஒளிபரப்புக் கிடையாது. நியூயார்க் நகரத்து இல்லங்களில் இருந்தவர்க்கு வானொலியே துணை. மற்ற ஊர்களிலோ, மிகுநேரத்தின் உச்சக் கட்டத்தில், பந்து கோடிக்கு 8 கெஜத்தில் இருந்தபோது, மின்வடம் கழன்று படம் மறைந்துவிட்டது. அவ்வேளையில் ஒருவர் களத்துள் ஓடிவந்து, காவலர் அவரைத் துரத்திப் பிடிக்கும்வரை ஆட்டம் நின்றது. அதற்குள் வடம் சரிசெய்யப்பட்டது. ஓடிவந்தவர் தொலைக்காட்சி நிறுவனத்து ஊழியரே என்று பிறகு சொல்லப்பட்டது.

வெற்றி பெற்ற பால்ட்டிமோர் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு 4,700 டாலருக்குச் சற்று மேல். இன்றைய ஏற்பாளர்கள் ஈட்டுவதைக் கேள்வியுற்றோர்க்கு இத்தொகை கதைபோல் இருக்கும். அந்நாளில் பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர்களுள் பலர் வேறு வேலை தேடிச் சென்றனர்.

1958, 1959, 1960 என மூன்று பருவங்களில் தொடர்ந்து லீகிலேயே மிகுதியான பந்துகளைப் பற்றியவர் பெர்ரி; முதலாண்டில் மட்டும் அந்த இடத்தை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார். 1959-இல் பால்ட்டிமோர் மீண்டும் ஜயன்ட்ஸை 31-16 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. 13 பருவங்கள் ஆடி 1967-உடன் அவர் விலகியபோது, பற்றிய பந்துகள் 631. கடந்த தொலைவு 9,275 கெஜம். இறுதிக்களம் புகுந்தவை 68. லீகில் அதுவரை 631 பந்துகள் பற்றியவர் எவரும் இலர்.

பின்வந்த எண்களோடு இதனை ஒப்பிடுவோர் அவசரப்படலாகாது. 1985 முதல் 2004 வரை ஆடிய ஜெரி ரைஸ் 1,549 பந்துகளைப் பற்றினார். அவர் ஈடற்றவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெர்ரி தொடங்கிய காலத்தில் ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்களே, 1961-இல் 14 ஆயிற்று, 1978-இல் 16, 2021 முதல் 17. அதனினும் பெரிய மாற்றம் 1978-இல் வந்தது. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்கு அப்பால் ஏற்பாளரை இடித்துத் தடுத்தல் கூடாதென்று விதி செய்தனர். பெர்ரியின் நாளிலோ, பந்து எறியப்படும் வரை வழியெங்கும் இடி வாங்கிக்கொண்டே ஓட வேண்டும். ஸ்வேர் அன்று அவர் முன் வந்து நின்றதன் பொருள் அதுவே. எண்களை அடுக்கி ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது பத்திரிகைக்குச் சுவையாகலாம். நமக்கு அது உடன்பாடன்று.

பெர்ரி 1973-இல் ஒஹையோ மாநிலத்துக் கான்ட்டன் நகரில் உள்ள புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அவர் அணிந்த 82-ஆம் எண்ணை அவர் குழு வேறெவர்க்கும் வழங்குவதில்லை. 1984 முதல் 1989 வரை நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1986 சனவரியில் அக்குழுவை வாகைப் போட்டி வரை கொண்டுசென்று, சிக்காகோவிடம் 46-10 என்று தோற்றார். இவையெல்லாம் ஏடுகளில் எளிதிற் காணக் கிடைப்பவை. நாம் சற்று நின்று நோக்க விரும்புவது அவர் ஆட்டத்தை விட்ட உடனே செய்த வேலையை.

1968-இல் டல்லஸ் கௌபாய்ஸ் குழு, தன் ஏற்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்க அவரை அழைத்துக்கொண்டது. அக்குழுவின் தலைமைப் பயிற்சியாளர், முன்னர் நாம் நினைவில் வைக்குமாறு வேண்டிய டாம் லாண்ட்ரி. 1958-இல் தம் தடுப்பாட்டத்தை மூன்று பிடிகளால் குலைத்த மனிதரைப் பத்தாண்டுகள் கழித்துத் தம் பக்கம் ஆசிரியராக வைத்துக்கொண்டார் அவர். அங்கே பெர்ரியிடம் பயின்ற ஏற்பாளர்களுள் ஒருவர் பாப் ஹேய்ஸ். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விழாவில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்று, உலகிலேயே விரைந்து ஓடுபவர் என்று பெயர்பெற்றவர் அவர். அவருக்கு முன்னே நின்று, எந்த அடியில் திரும்புவது, எந்தத் தோளைச் சாய்ப்பது, பந்து வருமுன் எங்கே இருப்பது என்று அடியடியாக ஓடிக் காட்டிக்கொண்டிருந்தார், ஓட்டத்தில் மெதுவானவர் என்று ஒருகாலத்தில் 20-ஆம் சுற்றுவரை எவரும் பெயர் சொல்லாத பெர்ரி.